தாரைவினியின் படகுக்காரன்

எங்கள் தீவுகளின் தலைநகரான சுவாவில் மழை இல்லாத ஒரு வாரத்தைக் காட்டுகிறவருக்கு நான் கறி ரொட்டி வாங்கித் தருகிறேன் என்று அலுவலகத்தில் சவால் விட்டிருந்தேன். இதுவரை ஒருவரும் என் செலவில் தின்றதில்லை. மழை வலுத்ததும் என்னோடு வேலை பார்க்கிற தாரைவினி தன் நாற்காலியைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொள்வாள். எங்களுக்குக் கீழே இரும்புக் கடை, எதிரே தகரக் கூரைகள், அவற்றுக்கு அப்பால் துறைமுகம். கப்பல்கள் மழைக்குள் பாதி கரைந்து நிற்கும். அவள் வாய் லேசாகத் திறந்திருக்க, கண் எங்கேயோ நிலைத்திருக்க, அப்படியே உட்கார்ந்திருப்பாள். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அந்தம்மா தூங்குகிறது என்றே நினைப்பார்கள். எங்கள் முதலாளி ஃபோங்கும் ஆரம்பத்தில் அப்படித்தான் நினைத்துக் கடுகடுத்தார். பிறகு அவரே எங்களிடம் வந்து, "மெதுவாப் பேசுங்கய்யா, அந்தம்மா வேலை பாக்குது" என்று சொல்லும்படி ஆனது.

அவள் வேலை கதை எழுதுவது. கேலிக்குச் சொல்லவில்லை, சம்பளமே அதற்குத்தான். மென்பொருள் ஒன்றைச் செய்வதற்கு முன்னால் அதை யார், எங்கே, எந்த நிலைமையில் பயன்படுத்தப்போகிறார்கள் என்று சின்னச் சின்னக் கதைகளாக எழுதிப் பார்க்க வேண்டும். தொழிலில் இதைச் சினாரியோ என்பார்கள். நாங்கள் கதை என்று சொல்லிப் பழகிவிட்டோம். எல்லாம் ஒழுங்காக நடக்கிற கதை ஒன்று இருக்கும். அதிலிருந்து கிளை பிரிகிற கதைகள் பல இருக்கும். எல்லாமே கெட்டுப்போகிற கதைகள் அவற்றையும் விட அதிகமாக இருக்கும். கதைக்குள் ஒருவன் தடுக்கி விழுந்தால், அவனைத் தூக்கி நிறுத்த நான் நிரலில் வழி வைப்பேன். கதைக்குள் விழாதவன் வெளியே விழுந்தால், என் நிரலுக்கு அவன் யாரென்றே தெரியாது.

கதைகளை அட்டைகளில் எழுதிச் சுவரில் குத்தி, ஒன்றுக்கும் மற்றதற்கும் கம்பளி நூல் கட்டி வைத்திருப்பாள். ஓர் அட்டையில் ஒரு வரியை மாற்றினால், அதிலிருந்து போகிற நூலைப் பிடித்துக்கொண்டே சுவரோரம் நடந்து, நூல் தொடுகிற ஒவ்வொரு அட்டையையும் மறுபடி படிப்பாள். எனக்கு எரிச்சலாக வரும்.

"இதையெல்லாம் கணினியிலயே போட்டு வைக்கலாம்ல தாரை? எதை மாத்துனா எது மாறும்னு அதுவே சொல்லுமே."

"போட்டுத்தான் வச்சிருக்கேன், சதா. ஆனா அதுக்குள்ள போயிட்டா கதைங்க ஒண்ணையொண்ணு பாத்துக்காது."

நான் தேநீர் போடப் போய்விடுவேன்.

கதைக்குள் வருகிற ஆட்களுக்குப் பெயர் வைப்பாள். எல்லோரும்தான் வைப்பார்கள். இவள் பெயரோடு நிறுத்த மாட்டாள். பேருந்துச் சீட்டு வேலை நடந்தபோது லோசானா என்று ஒரு சந்தைக்காரியைப் படைத்தாள். லோசானாவுக்கு விரல் மூட்டில் வலி, மூக்குக் கண்ணாடியை எங்கேயாவது வைத்துவிட்டுத் தேடுவாள், டிரைவர்களை வாய்க்கு வந்தபடி திட்டுவாள். அந்த வேலை முடிந்த அன்று லோசானாவுக்கு விடைகொடுக்க வேண்டும் என்று கேக் வாங்கி வந்து வெட்டினாள். நாங்கள் கிண்டலடித்துக்கொண்டே ஆளுக்கு இரண்டு துண்டு தின்றோம். அவள் கண் கலங்கியிருந்ததைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டோம்.

பிறகுதான் படகு வேலை வந்தது.

எங்கள் தீவுகளுக்கு நடுவே ஓடுகிறவை சின்ன ஃபைபர் படகுகள். ஒற்றை இன்ஜின், மேலே கூரை கிடையாது. இன்ஜின் நடுவழியில் நின்றால் நீரோட்டம் இழுத்துக்கொண்டு போய்விடும். புறப்பட்ட ஊர்க்காரர்கள் அவன் போய்ச் சேர்ந்திருப்பான் என்று இருப்பார்கள். சேர வேண்டிய ஊர்க்காரர்கள் அவன் கிளம்பவே இல்லை என்று இருப்பார்கள். இரண்டு பக்கமும் நிம்மதியாக இருக்கும்போது நடுவில் ஒருவன் தண்ணீருக்குத் தவித்துக்கொண்டிருப்பான். இதைத் தடுக்கத்தான் எங்களைக் கேட்டார்கள். படகுக்காரரிடம் ஒரு கைபேசி, அதில் இரண்டு பொத்தான்கள். கிளம்பும்போது 'புறப்பட்டேன்', கரை ஏறியதும் 'வந்து சேர்ந்தேன்'. இரண்டாவது செய்தி வர வேண்டிய நேரத்துக்கு வராவிட்டால், காவல் சாவடியில் மணி அடிக்கும்.

ஒத்திகைக்குத் தேர்ந்தெடுத்தது தாரைவினி பிறந்த தீவை. சின்ன வயதிலேயே படிக்க வந்து சுவாவிலேயே தங்கிவிட்டவள் அவள். அவளுடைய தம்பி வைசாகே அங்கே படகு ஓட்டினான். எதிர்த்தீவுக்கு ஆட்களையும் மரவள்ளி மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு போய்வருவது அவன் பிழைப்பு. ஆகவே இந்த வேலை அவளுக்கு வெறும் வேலை இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

தம்பி என்று சொன்னேனே தவிர, அவர்கள் பேசி யாரும் பார்த்ததில்லை. அந்தத் தீவில் வளர்ந்த அக்காவும் தம்பியும் முகத்துக்கு முகம் பேசிக்கொள்ள மாட்டார்கள். ஒருவர் முன்வாசலில் வந்தால் மற்றவர் பின்வாசல் வழியாகப் போய்விடுவார். பகையெல்லாம் கிடையாது, மரியாதைதான். நேரில் சொல்ல முடியாததைச் சொல்லிக்கொள்ளக் கைபேசி வந்து ஒரு சந்து திறந்தது. வைசாகே கடலுக்குப் போகிற நாளில் அக்காவுக்கு ஒரு வரி அனுப்புவான்: 'வந்து சேர்ந்தேன்.' அவ்வளவுதான். பல வருடங்களாக அவர்களுக்குள் இருந்த பேச்சே அந்த இரண்டு சொற்கள்தான். அது வருகிற வரை தாரைவினி ஒரு மாதிரி இருப்பாள். வந்ததும் எழுந்து தேநீர் போட்டுக்கொண்டு, மாதாகோயில் பாட்டொன்றை முனகியபடி நாற்காலிக்குத் திரும்புவாள்.

படகு வேலைக்கு அவள் படைத்த ஆள் நெமானி. அகலத் தோள், இடது காதில் கேட்பது மந்தம், டின் மீன் என்றால் உயிர். முகம் மட்டும் எப்படி இருக்கும் என்று அவள் சொன்னதே இல்லை. கேட்டால், "அவன் எப்பவும் எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டுத்தான் நிக்கிறான்" என்பாள்.

ஒத்திகை தொடங்கியது. புறப்பட்டேன், வந்து சேர்ந்தேன். புறப்பட்டேன், வந்து சேர்ந்தேன். ஒரு செய்திகூடத் தவறவில்லை. மணி ஒருமுறைகூட வீணாக அடிக்கவில்லை. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஃபோங் என் தோளில் தட்டினார். நான் தாரைவினியின் மேசைக்குப் போய் அட்டவணையைப் பெருமையாக நீட்டினேன். அவள் அதைப் பார்க்கவில்லை, மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சதா, நெமானி கை பைக்குப் போக மாட்டேங்குது."

"எந்தக் கை? எந்தப் பை?"

"நான் அவன்கூடவே போய்ப் பாத்தேன். படகு மணல்ல ஏறுது. குதிச்சு இறங்குறான். கயித்த இழுத்துக் கட்டுறான். கிழவி ஒருத்தியைத் தூக்கி இறக்கி விடுறான். பன்னிக்குட்டி ஓடுது, புடிக்கிறான். கரையில நிக்கிறவங்க வா வந்து சாப்பிடுன்னு கூப்பிடுறாங்க, போறான். ஈரக் கையோட போயிக்கிட்டே இருக்கான். எத்தனையோ தடவ பாத்துட்டேன். கை ஒரு தடவகூட போன் இருக்குற பைக்குப் போகல."

"அதான் செய்தி வருதே! வர்றதை நம்புறதா, நீ காணுற கனவை நம்புறதா?"

"வருது. ஆனா அவன் அனுப்பல." சொல்லிவிட்டு அவள் மறுபடியும் மழைக்குள் போய்விட்டாள்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. என் நிரலில் குற்றம் கண்டுபிடித்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். இல்லாத ஒருவனின் கையை வைத்துக்கொண்டு என் வேலையை நிறுத்துகிறாளே என்று ஃபோங்கிடம் போய்க் கத்தினேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப நீயும் அவகூடப் போயிட்டு வா" என்றார். இப்படித்தான் நானும் அந்தத் தீவுக்குப் போனேன். எங்கள் கணினிகளைப் பழுது பார்க்கிற எபராமாவும் கூட வந்தான்.

எபராமாவின் தீவும் தாரைவினியின் தீவும் ஒரே மூதாதையிலிருந்து பிரிந்தவை என்று சொல்லிக்கொள்வார்கள். அதனால் அந்த இரண்டு ஊர்க்காரர்களுக்குள் தௌவு என்ற உறவு உண்டு. மாமன் மச்சான் கேலி தெரியுமல்லவா, அதை ஒரு தீவுக்கே பெருக்கிக்கொண்டால் அதுதான். என்ன திட்டினாலும் கோபப்படக் கூடாது. கரையில் இறங்கியதும் ஒரு பெரியவர் வந்து எபராமாவின் தொப்பியைப் பிடுங்கித் தன் தலையில் போட்டுக்கொண்டு நடந்தார். அவன் வெறுந்தலையோடு பின்னால் நடந்தான். பிடுங்கினவருக்கு அது உரிமை.

யங்கோனா என்கிற பானத்துக்கான வேர்க்கட்டை ஊர்த்தலைவர் முன் வைத்து வணங்கி, அனுமதி வாங்கி, ஊர்க் கூடத்துப் பாய்களில் உட்கார்ந்தோம். காற்று கூடத்துக்குள் தென்னை ஓலையின் நிழலை அசைத்துக்கொண்டே இருந்தது. மரத்தொட்டியில் யங்கோனா கலக்கிச் சிரட்டையில் சுற்றுக்கு விட்டார்கள். வாங்கும்போது ஒரு கைதட்டு, குடித்துவிட்டு மூன்று கைதட்டு. நாக்கு மரத்து, உடம்பு பஞ்சு மாதிரி ஆகி, எல்லோர் குரலும் தண்ணீருக்கடியிலிருந்து வருகிற மாதிரி ஆனது. தாரைவினி அட்டைகளை எடுத்துப் படித்தாள். ஒவ்வொன்று முடிந்ததும் தொழில் வழக்கப்படி கேட்டாள்.

"இந்தக் கதை சரியா? இப்படித்தான் நடக்குமா?"

"இயோ" என்றார்கள் எல்லோரும். ஆமாம் என்று அர்த்தம்.

அடுத்த கதைக்கும் இயோ. அதற்கடுத்த கதைக்கும் இயோ. இவ்வளவு தூரம் வந்த விருந்தாளியிடம் இல்லை என்று எப்படிச் சொல்வது? தாரைவினி ஒரு வெற்று அட்டையை எடுத்தாள். அதில் எழுதியிருப்பதைப் போலவே முகத்தை வைத்துக்கொண்டு படித்தாள்: "நெமானி படகைக் கவிழ்த்துப் போட்டு, அதன் முதுகுமேல் உட்கார்ந்து ஓட்டுகிறான்."

என்னவோ யோசித்த ஊர்த்தலைவர், "இயோ, சில நாள் அப்படியும் ஓட்டுறது உண்டு" என்றார். மற்றவர்கள் மரியாதையாகத் தலையாட்டினார்கள்.

நான் சிரட்டையைக் கீழே வைத்தேன். என் அட்டவணை முழுக்க இப்படிப்பட்ட இயோதானோ என்று முதல்முறையாகச் சந்தேகம் வந்தது. தாரைவினி எபராமாவைத் திரும்பிப் பார்த்து, "நீ பேசு" என்றாள்.

அவன் அதற்காகவே காத்திருந்தவன் போல நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"கவுத்துப் போட்டுத்தான் ஓட்டுவீங்க, எனக்குத் தெரியும்! உங்க ஊர்ல எவனுக்குய்யா படகு ஓட்டத் தெரியும்? எதிர்த்தீவுக்குன்னு கிளம்புவீங்க, அரை நாள் சுத்திட்டு உங்க வீட்டுக் கோழிக்கூண்டுலயே வந்து முட்டுவீங்க. பாவம்னு புது போன் குடுத்தோம். அதை என்ன பண்றீங்க, சுட்டுத் திங்கிறீங்களா?"

கூடம் விழித்துக்கொண்டது. தொப்பி பிடுங்கிய பெரியவர் முட்டி போட்டு எழுந்தார்.

"டேய், போனைச் சுட்டுத் திங்கிறது உங்க ஊர்ல! கிழங்கு விளைஞ்சாத்தானே உங்களுக்குத் திங்க! நாங்க என்ன, உங்களை மாதிரி நல்ல சாமானை உப்புத் தண்ணியில முக்குற ஆளுங்களா? துணி சுத்தி, பிஸ்கட் டின்னுல போட்டு, வீட்ல பத்திரமா வச்சிருக்கோம்டா!"

"வீட்லயா? அப்ப கடல்லேர்ந்து சேதி எப்படி வருது? திமிங்கிலம் அனுப்புதா?"

"நான் அனுப்புறேன்!" பெண்கள் பக்கத்திலிருந்து வைசாகேயின் மனைவி மேரே கை தூக்கினாள். "அவர் படகைத் தள்ளினதும் ஒரு தடவ அமுக்குவேன். துணி துவைச்சு, கிழங்கு வெந்து இறக்கினதும் இன்னொரு தடவ. ஒரு நாளாச்சும் நேரம் தவறியிருக்கா? சொல்லுங்க பாப்போம்!"

"நான் மாதாகோயில்ல ரெண்டாவது மணி அடிச்சதும் அமுக்குவேன்" என்றாள் இன்னொருத்தி. "எங்க வீட்ல மாமியாரு அமுக்குறாங்க. எனக்குத் தரவே மாட்டேங்குறாங்க" என்றாள் வேறொருத்தி. கூரை பறக்கிற மாதிரி சிரிப்பு எழுந்தது. நேரத்துக்குச் செய்தி வராவிட்டால் சாவடிக்காரர் கவலைப்படுவாரே, கொடுத்தவர்களுக்கு மனக்கஷ்டம் ஆகுமே என்று ஊரே கூடி நல்லெண்ணத்தோடு இந்த வேலையைச் செய்திருக்கிறது. ஃபோங் தோளில் தட்டிய என் அட்டவணை, ஒரு தீவில் கிழங்கு வேகிற நேரம். என் முகத்தில் ஈயாடவில்லை. அப்புறம் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எபராமா பாயில் உருண்டுகொண்டிருந்தான்.

தாரைவினியும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். சட்டென்று அவள் கை நின்றது.

"மேரே, அப்ப எனக்கு வர்ற சேதி?"

மேரே சிரிப்பு அடங்காமலே சொன்னாள்: "அது அவரே அனுப்பிடுவாரு அண்ணி. கிளம்புறதுக்கு முன்னாடியே. 'பாவம், அக்கா அங்க தனியா கவலப்படும்'னு சொல்லி, வந்து சேர்ந்தேன்னு அனுப்பிட்டு, போனை டின்னுல போட்டுட்டுத்தான்..." பாதியில் புரிந்து, வாயைப் பொத்திக்கொண்டாள்.

சிரிப்பு ஓரத்திலிருந்து அடங்கிக்கொண்டே வந்தது. கூடத்தின் மறுகோடியில் தூணோரம் வைசாகே உட்கார்ந்திருந்தான், அகலத் தோளும் குனிந்த தலையுமாக. அவன் பாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். இவள் அவனைப் பார்க்கவில்லை. பார்க்கவும் முடியாது, ஏன்டா என்று கேட்கவும் முடியாது. அவள் முகம் போன போக்கைப் பார்த்தேன். அவள் தேநீர் போட்டதும் பாட்டு முனகியதும் எனக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அந்த நேரமெல்லாம் அவன் தண்ணீரின்மேல் இருந்திருக்கிறான்.

ஓலை நிழல் அவள் மடியில் அசைந்துகொண்டிருந்தது. பிறகு இன்னொரு வெற்று அட்டையை எடுத்து, இந்த முறை உண்மையிலேயே எழுதினாள். எழுதி முடித்து, வழக்கம் போலக் கூடத்துக்கு நடுவே பார்த்துப் படித்தாள்.

"நெமானிக்கு ஓர் அக்கா இருக்கிறாள். தூரத்து ஊரில் மழையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாள். நெமானி வந்து சேர்ந்தேன் என்று செய்தி அனுப்புகிறான். அனுப்பிவிட்டுப் படகைத் தள்ளுகிறான். அக்கா தேநீர் போட்டுக் குடிக்கிறாள். ஒரு பாட்டுப் பாடுகிறாள். நடுக்கடலில் இன்ஜின் நின்றுபோகிறது. நெமானி யாரையாவது கூப்பிடுகிறான். அக்கா பாடிக்கொண்டிருக்கிறாள்."

அட்டையை மடியில் வைத்தாள்.

"இந்தக் கதை சரியா? இப்படித்தான் நடக்குமா?"

இந்த முறை ஒருவரும் உடனே இயோ சொல்லவில்லை. சிரட்டை யார் கையிலோ நின்றுவிட்டது. கடைசியில் தூணோரத்திலிருந்து, பாயைப் பார்த்தபடியே வைசாகே சொன்னான்.

"இயோ."

அந்த ஊரில் நாங்கள் கேட்ட முதல் உண்மையான இயோ அதுதான்.

சுவாவுக்குத் திரும்பியதும் அவள் நூலைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நடக்க ஆரம்பித்தாள். இந்த முறை நானும் கூட நடந்தேன். ஈரக் கையோடு இறங்குகிறவன் செய்தி அனுப்ப மாட்டான், சரி. கரையில் கயிற்றைப் பிடிக்க யாராவது ஓடி வருவார்கள் அல்லவா? அவர்கள் சொல்லட்டும். புறப்பட்டதை வீட்டில் இருக்கிறவர் தனிப் போனில் சொல்லட்டும். போகிறவன் வந்து சேர்ந்தேன் என்று சொல்வதை எடுத்துவிட்டு, வரவேற்கிறவர் வந்து சேர்ந்தான் என்று சொல்வதாக மாற்றினோம். ஒரே ஒரு எழுத்துதான் மாறியது போலத் தெரியும். சுவரில் பாதி அட்டை கழன்று விழுந்தது, நான் எழுதிய நிரலில் முக்கால்வாசி குப்பைக்குப் போனது. எதிர்த்தீவில் அந்தப் பொறுப்பை சேரா என்கிற அத்தை ஏற்றுக்கொண்டாள். யார் கரையேறினாலும் முதலில் போய் நிற்கிறவள் அவள்தானாம்.

வேலை நன்றாகப் போனது. தாரைவினிதான் நன்றாக இல்லை. கூடத்தில் அந்தக் கதையைப் படித்த நாளிலிருந்து தம்பியிடமிருந்து அவளுக்கு ஒரு வரிகூட வரவில்லை. வெட்கமோ, வருத்தமோ, என்ன சொல்வதென்று தெரியாமலோ, அவன் நிறுத்திவிட்டான். அந்த ஒரே சந்தும் அடைபட்டுப்போனது. மழை பெய்யும், அவள் சன்னல் பக்கம் திரும்பி உட்காருவாள், ஆனால் தேநீர் போட எழுந்திருக்க மாட்டாள். ஒருநாள் தானாகவே சொன்னாள்.

"பொய்யாச்சும் வந்துக்கிட்டிருந்துச்சு, சதா. நானே அதைக் கெடுத்துக்கிட்டேன்."

"உசுரு முக்கியமா, சேதி முக்கியமா?"

"ரெண்டும்தான் வேணும் எனக்கு. ரெண்டும்." அவள் கோபமாகச் சொல்லிக் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

நெமானி என்ன செய்கிறான் என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. பேருந்தில் என் முன்னால் அகலத் தோளோடு ஒருவன் உட்கார்ந்தால், இறங்கும்போது அவன் கை பைக்குப் போகிறதா என்று பார்க்கிற அளவுக்கு நானும் ஆகியிருந்தேன். "கடலைப் பாத்து நிக்கிறான், படகைத் தொடக்கூட மாட்டேங்குறான்" என்றாள்.

தென்கிழக்குக் காற்று பிடித்த ஒரு மதியம். வைசாகே புறப்பட்டான் என்று மேரேயின் செய்தி திரையில் வந்தது. சேரா அத்தையிடமிருந்து பதில் வர இன்னும் நேரம் இருந்தது. மணி அடிக்க அதற்கு மேலும் நேரம் இருந்தது. வெளியே மழை துறைமுகத்தை முழுக்க மூடியிருந்தது. மரவள்ளிக் கிழங்கும் டின் மீனும் தாரைவினியின் தட்டில் ஆறிக்கொண்டிருந்தன. அவளுடைய கைபேசி மேசைமேல் ஒருமுறை அதிர்ந்தது.

எடுத்துப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே எழுந்து நின்றாள். தட்டு கீழே விழுந்தது.

"அக்கா," என்று படித்தாள். அந்தச் சொல்லில் நின்று, மறுபடி ஆரம்பித்தாள். "அக்கா, நான் இன்னும் வந்து சேரல. இன்ஜின் நின்னுபோச்சு. வெள்ளைப் பாறைக்குத் தெற்கே இருக்கேன்."

அந்தப் பாறைப் பக்கம் மட்டும் கொஞ்சம் சிக்னல் விட்டு விட்டு வரும். அங்கே பிடித்து அனுப்பியிருக்கிறான். அவனுடைய போன் டின்னில் இல்லை, அவன் கூடப் போயிருக்கிறது. நாங்கள் யாரும் அவனை எடுத்துப் போகச் சொல்லவில்லை. எங்கள் கதைகள் எதிலும் அப்படி இல்லை.

எபராமா சாவடிக்குப் போன் போட்டான். தாரைவினி சேரா அத்தையைக் கூப்பிட்டு இடத்தைச் சொன்னாள். அத்தை போனை வைக்காமலே கரையைப் பார்த்துக் கூச்சல் போடுவதும், ஆண்கள் ஓடுவதும், இரண்டு இன்ஜின்கள் உயிர் பெறுவதும் எங்களுக்குக் கேட்டது. அப்புறம் காற்றின் சத்தம் மட்டும். அப்புறம் அதுவும் அறுந்துவிட்டது.

காத்திருந்தோம். அவள் நாற்காலியைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அழுவாள் என்று நினைத்தேன். கைபேசியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கடைசியில் ஓர் உண்மையான வார்த்தை கிடைத்துவிட்ட முகத்தோடு, மழைக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டு முனகவில்லை. நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். இருவரும் அவன்கூடவே நடுக்கடலில் இருந்தோம் என்று சொன்னால் சிரிப்பீர்கள். அப்படித்தான் இருந்தது. படகு ஏறி ஏறி இறங்கியதை என் வயிறு அறிந்தது.

"திரும்பிட்டான், சதா" என்றாள் திடீரென்று, தாழ்ந்த குரலில்.

"யாரு? சேதி வந்துச்சா?"

"நெமானி. இந்தப் பக்கம் திரும்பிட்டான். முகம் தெரியுது."

விளக்குப் போடுகிற நேரத்துக்குச் சேரா அத்தையின் செய்தி வந்தது. பொத்தானை அமுக்கியதோடு விடாமல் கூப்பிட்டும் விட்டாள். "வந்து சேந்துட்டான்டி உன் தம்பி! நனைஞ்ச பூனை மாதிரி வந்தான். இப்ப உக்காந்து கிழங்கு திங்கிறான். பேசுறியான்னு கேக்க முடியாதே, ரெண்டு பேரும் பேச மாட்டீங்களே!" தாரைவினி சிரித்துக்கொண்டே அழுதாள். அலுவலகமே அழுதது. ஃபோங் கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் காலை எனக்கு முன்பே வந்திருந்தாள். "புறப்பட்டான், வந்து சேர்ந்தான். இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு பொத்தான் வேணும்" என்றாள். என்ன கதைக்கு என்று நான் கேட்கவில்லை. சுவரில் புது அட்டை ஒன்று குத்தியிருந்தது. எல்லா நூல்களையும் அவிழ்த்து, அதிலிருந்து புறப்படும்படி திரும்பக் கட்டியிருந்தாள். அவள் எழுதியதிலேயே சின்னக் கதை அதுதான்.

'நெமானி இன்னும் வந்து சேரவில்லை. அவன் அக்காவுக்கு அது தெரியும்.'